பாட்டியிடம் கொடுக்கும் பணம் பேரப்பிள்ளையைப் போய்ச் சேருமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “தாய் தந்தையை இழந்த குழந்தைகளை வளர்க்கும் உறவினர் வீடுகளுக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் குழந்தைக்குத்தான் செலவாகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதே பணத்தில் நல்ல காப்பகம் நடத்தினால் கண்ணெதிரே கணக்குத் தெரியுமே? ஆப்பிரிக்க நாடுகளில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்கிறார்கள். அங்கே என்ன ஆயிற்று?”

சேருகிறது என்பதே என் பதில். கென்யாவில் இதே சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை 2007 முதல் 2011 வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பணம் வாங்கிய வீடுகளில் சாப்பாடு மேம்பட்டது. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடும் என்று பயந்தவர்கள் உண்டு, அது குறைந்தது. அந்தத் திட்டத்தில் குறைகளும் நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. அவை நேர்ந்த இடம் பெரும்பாலும் பணம் புறப்படும் அலுவலகம். பாட்டியின் அடுப்படியை நாம் வீணாகச் சந்தேகிக்கிறோம். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருப்பவன் என்பதால் இந்தச் சந்தேகத்தை அடிக்கடி கேட்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எய்ட்ஸ் நோயைத் தேசியப் பேரிடர் என்று கென்யா அறிவித்தது 1999இல், டேனியல் அராப் மோய் அதிபராக இருந்தபோது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, ஏழை நாடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. விக்டோரியா ஏரியை ஒட்டிய நியான்சா பகுதியில் இழப்பு மிகக் கடுமை. உழைக்கும் வயதில் இருந்த ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் தகப்பன், ஓரிரு ஆண்டில் தாய் என்று போன வீடுகள் ஏராளம். நோயால் பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகள் நாடு முழுவதும் பத்து லட்சத்தைத் தாண்டினார்கள்.

பத்து லட்சம் குழந்தைகளுக்குக் காப்பகம் கட்ட எந்த அரசாலும் முடியாது. கட்ட வேண்டிய தேவையும் எழவில்லை, ஏனென்றால் அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே யாரோ ஒருவர் வீட்டில் இருந்தார்கள். மகனையும் மருமகளையும் அடக்கம் செய்துவிட்டு நான்கு பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்த அறுபத்தைந்து வயதுப் பாட்டி. தன் மூன்று பிள்ளைகளோடு அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட சித்தி. தம்பி தங்கைகளுக்காகப் படிப்பை விட்ட பதினாறு வயது அண்ணன். அரசு எதுவும் செய்வதற்கு முன்பே இந்த மனிதர்கள் செய்துவிட்டார்கள். அவர்களிடம் இல்லாதது பணம் மட்டுமே.

காப்பகத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். கென்யாவுக்குத் தெற்கே இருக்கும் தான்சானியாவில், ககேரா பகுதியில் உலக வங்கி கணக்கெடுத்தபோது, காப்பகத்தில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவானது. வளர்ப்புக் குடும்பத்தில் ஆகும் செலவைப் போல அது ஏறக்குறைய ஆறு மடங்கு. ஒரு குழந்தையைக் காப்பகத்தில் வைக்கும் பணத்தில் ஆறு குழந்தைகளை வீட்டில் வளர்க்கலாம். பல நாடுகளில் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமையால்தான் கொண்டுவந்து விடுகிறார்கள். காப்பகம் நல்ல பெயர் எடுக்க எடுக்க, ‘அங்கே மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கும்’ என்று ஏழைத் தாய் தன் பிள்ளையைப் பிரியத் துணிகிறாள். சில குழந்தைகளுக்குக் காப்பகத்தை விட்டால் வேறு வழி இல்லை. அவர்களுக்கு அது நன்றாக நடக்க வேண்டும். மற்றபடி, வீட்டுக்குப் பணம் கொடுக்க வக்கில்லாத அரசு கட்டும் காப்பகம் குழந்தைகளை வீடுகளிலிருந்து வெளியே இழுக்கும். கென்யாவே 2022 முதல் 2032 வரையிலான பத்தாண்டுத் திட்டம் ஒன்றை வகுத்து, குழந்தைகளைக் காப்பகங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் வழியில் இறங்கியிருக்கிறது.

இனி பணத் திட்டத்துக்கு வருகிறேன். 2004இல் யுனிசெஃப் துணையோடு கென்ய அரசு சோதனையாக ஆரம்பித்தது. கரிசா, குவாலே, நைரோபி ஆகிய மூன்று மாவட்டங்களில் 500 வீடுகள். மாதம் 500 ஷில்லிங் (கென்ய நாணயம்). இந்தத் தொகை எதற்கும் போதவில்லை என்று தெரிந்ததும் 1,500 ஷில்லிங்காக உயர்த்தினார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20 டாலர். ஏழை வீட்டின் மாதச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கும் தொகை. 2009இல் உலக வங்கி 5 கோடி டாலர் கடன் கொடுத்தது. பிறகு அரசின் சொந்த நிதியும் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சுமார் பத்தாண்டில் திட்டம் மூன்றரை லட்சம் வீடுகள் அளவுக்கு வளர்ந்தது. 500 வீட்டில் ஆரம்பித்த ஒன்று இவ்வளவு தூரம் வந்ததற்கு, நல்ல எண்ணத்தைவிட நல்ல ஆதாரம் துணை நின்றது என்றே நினைக்கிறேன். நிதி அமைச்சகம் கேள்வி கேட்கும்போதெல்லாம் கையில் காட்ட எண்கள் இருந்தன.

யாருக்குப் பணம் என்று முடிவுசெய்த விதத்தைச் சற்று அருகே போய்ப் பார்க்க வேண்டும். வீடு ஏழை வீடாக இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட, பெற்றோரை இழந்த ஒரு குழந்தையாவது அங்கே இருக்க வேண்டும்; அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தீராத நோயில் படுத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை நான் மிகவும் மதிக்கிறேன். தாய் சாகும் வரை காத்திருக்காமல், தாய் படுக்கையில் இருக்கும்போதே அந்த வீட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த நோய் என்று கேட்பதில்லை. ‘எய்ட்ஸ் வீடு’ என்ற முத்திரை குத்தினால் ஊர் அந்தக் குழந்தைகளை ஒதுக்கிவிடும் என்பதை அந்தப் பகுதி நாடுகள் எல்லாமே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தன.

முதலில் உள்ளூர்க் குழு ஒன்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுக்கும். பிறகு கணக்கெடுப்பாளர்கள் வந்து கூரை எதனால் ஆனது, நிலம் எவ்வளவு, ஆடு மாடு உண்டா என்று எழுதிக்கொள்வார்கள். தகுதி பெற்ற வீடுகள் பணத்தைவிட எப்போதும் அதிகமாக இருக்கும். அப்போது முன்னுரிமை, பெரியவர்களே இல்லாமல் குழந்தைகளே நடத்தும் வீடுகளுக்கு. அடுத்தது, வீட்டுத் தலைவர் மிக வயதானவராக இருக்கும் வீடுகளுக்கு. கடைசியில் ‘பராஸா’ என்னும் ஊர்க்கூட்டம் நடக்கும். ஊர் கூடியிருக்கும்போது பெயர்களைச் சத்தமாக வாசிப்பார்கள். ‘அந்த வீட்டு மகன் மொம்பாசாவில் வேலை பார்க்கிறான், மாதாமாதம் பணம் அனுப்புகிறான்’ என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். ‘மேட்டு வீட்டுக் கிழவியின் பெயரை ஏன் வாசிக்கவில்லை’ என்று இன்னொருவர் கேட்கலாம். நம் ஊர்க் கிராம சபைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பலமும் பலவீனமும் உடனே புரியும். வாய் உள்ளவர் பெயர் ஏறும், ஊமையாக இருப்பவர் பெயர் விட்டுப்போகும். ஆனால் வசதியான வீட்டைக் கள்ளத்தனமாகச் சேர்ப்பது ஊர் நடுவில் எளிதல்ல. அலுவலக அறைக்குள் முடிவாகும் பட்டியலைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

பணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். முதலில் மாவட்டக் கருவூலம் வழியாகக் கொடுத்தார்கள்; பிறகு தபால் நிலையம்; அதன் பின் வங்கி அட்டையும் கைரேகையும். தபால் நிலையக் காலத்துப் பட்டுவாடா நாளை எண்ணிப் பாருங்கள். விடியும் முன்பே கிளம்பி மணிக்கணக்கில் நடந்தோ, ‘மட்டாட்டு’ வேனுக்குக் காசு கொடுத்தோ முதியவர்கள் வந்து சேர வேண்டும். அடையாள அட்டை இல்லாதவருக்கு எதுவும் கிடைக்காது. வயதானவர்களின் கைரேகை தேய்ந்துபோயிருக்கும். பின்னாளில் வந்த இயந்திரம் சிலருடையதை ஏற்க மறுக்கும். உடம்பு முடியாமல் வரமுடியாதவருக்கு மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே பதிந்து வைத்திருக்க வேண்டும். மூவாயிரம் ஷில்லிங் வாங்க வந்தவர் போகவர வண்டிக்கே இருநூறு முந்நூறு செலவழித்தால், அது பட்டுவாடா முறை குழந்தையிடமிருந்து எடுத்துக்கொண்ட பணம். இதைப் பெரும்பாலும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பணம் வீட்டுக்கு வந்த பின் என்ன ஆனது? ஏழு மாவட்டங்களில் ஆய்வு நடந்தது. ஒவ்வொன்றிலும் நான்கு வட்டாரங்களை எடுத்து, இரண்டில் உடனே திட்டம், இரண்டில் பிறகு என்று குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க அரசிடம் பணம் இல்லாத நிலையில் இது நியாயமான வழிதான். இரண்டு வகை வீடுகளையும் ஒப்பிட்டால் பணத்தின் பலன் தனியாகத் தெரியும். பணம் வாங்கிய வீடுகளில் பால், முட்டை, இறைச்சி, மீன், பழம் ஆகியவற்றின் செலவு கூடியது. அதுவரை வெறும் மக்காச்சோள மாவுக் களியும் கீரையுமாக இருந்த தட்டு அது. துணிமணிக்கும் மருத்துவத்துக்கும் செலவு கூடியது. சிறிய வீடுகளிலும் பெண்கள் தலைமையிலான வீடுகளிலும் ஆடு போன்ற சிறு கால்நடைகள் பெருகின. பிறப்புப் பதிவு இல்லாத குழந்தைகள் பலர் பதிவு பெற்றார்கள்.

படிப்பில் தெரிந்த பலன் கவனிக்கத்தக்கது. தொடக்கக் கல்வி கென்யாவில் 2003 முதலே இலவசம். ஆகவே தொடக்கப் பள்ளிச் சேர்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில்தான் வேறுபாடு: சேர்க்கை சுமார் 8 சதவீதப் புள்ளிகள் கூடியது, அதாவது நூறு பேருக்கு எட்டுப் பேர் கூடுதல். ஏன் என்பது பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். கட்டணம் இல்லாவிட்டாலும் சீருடை, காலணி, தேர்வுக் கட்டணம், மதியச் சாப்பாடு என்று ஒவ்வொரு பருவத்திலும் ஏதோ ஒன்று வந்து நிற்கும். பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் வேலைக்கு ஒரு கை. அந்தக் கையைப் பள்ளிக்கு அனுப்பப் பாட்டிக்கு மனம் இருக்கும், முடியாமல் போகும். வேளாண் வேலையில் பையன்களின் உழைப்பு குறைந்ததும் இதே ஆய்வில் தெரிந்தது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, யாரும் திட்டமிடாத ஒரு பலன். இந்த வீடுகளின் பிள்ளைகள் வளர்ந்து வாலிப வயதுக்கு வந்தபோது, 2011இல் அவர்களிடமே பேசிப் பார்த்தார்கள். பணம் வாங்கிய வீடுகளின் இளம் பெண்கள் கர்ப்பமாகும் வாய்ப்பு 5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. இளம் வயதிலேயே பாலுறவில் ஈடுபடுவதும் கணிசமாகத் தள்ளிப்போயிருந்தது. பாட்டியிடம் யாரும் ‘பேத்தியைக் கவனமாகப் பார்த்துக்கொள்’ என்று பாடம் நடத்தவில்லை. பணம் மட்டும் போனது. ஏரிக்கரை மாவட்டங்களின் நிலைமையை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. சோப்பு வாங்க, மாதவிடாய்த் துணி வாங்க, பள்ளிக்குக் கட்ட என்று சிறு தொகைக்காக வயதில் மூத்த ஆண்களை நம்பியிருக்க வேண்டிய நிலையில் எத்தனையோ சிறுமிகள் இருந்தார்கள். எச்.ஐ.வி. பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. தாயைக் கொன்ற நோய் மகளையும் பிடிக்காமல் இருக்க, வீட்டில் மாதம் 1,500 ஷில்லிங் இருப்பது ஒரு தடுப்பாக நின்றது. பையன்களிடம் வேறு விதமான பலன்: மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. குடும்பத்துக்கு எதுவும் செய்ய முடியவில்லையே என்ற பாரம் அந்த வயதுப் பையன்களை எப்படி அழுத்தும் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

எல்லாமே வெற்றி என்று சொல்ல மாட்டேன். சிறு குழந்தைகளின் தடுப்பூசியிலும் வளர்ச்சிக் குறைபாட்டிலும் குறிப்பிடும்படியான மாற்றம் தெரியவில்லை. சுகாதார நிலையம் எட்டாத தூரத்தில் இருந்தாலோ, அங்கே மருந்தும் ஆளும் இல்லாவிட்டாலோ வீட்டில் பணம் இருந்து என்ன பயன்? பண உதவி செவிலியரின் வேலையைச் செய்யாது.

ஊர்ப் பொருளாதாரத்தையும் பார்த்தார்கள். நியான்சாவில் இந்தத் திட்டத்தில் வந்த ஒவ்வொரு ஷில்லிங்கும் உள்ளூரில் 1.34 ஷில்லிங் வருமானமாகவும், கரிசாவில் 1.81 ஷில்லிங்காகவும் பெருகும் என்று மதிப்பிட்டார்கள். பாட்டி சந்தையில் முட்டை வாங்கினால் கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கு வருமானம், அவ்வளவுதான் விஷயம்.

‘நிபந்தனை போட்டுக் கொடுக்கலாமே’ என்பது அடுத்துக் கிளம்பும் யோசனை. கென்யா அதையும் செய்து பார்த்தது. சில பகுதிகளில் பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போக வேண்டும், கைக்குழந்தையைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், தவறினால் 500 ஷில்லிங் பிடித்தம் என்று விதித்தார்கள். வேறு பகுதிகளில் அறிவுரை மட்டும், அபராதம் இல்லை. அபராதம் போட்டதால் பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்குப் போனதாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எதற்காகப் பிடித்தார்கள் என்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பிடித்தத்தின் அடி விழுந்தது மிக ஏழையான வீடுகளின் செலவில். பிள்ளை பள்ளிக்குப் போகாத வீடு பெரும்பாலும் மிகவும் கஷ்டத்தில் இருக்கும் வீடு. அங்கே போய்ப் பணத்தைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்? அந்த வீட்டுக்குத் தேவை ஒரு சமூகப் பணியாளர் வந்து ‘என்ன பிரச்சினை’ என்று கேட்பது.

காகிதக் கெடுபிடி ஒரு நல்ல திட்டத்தை எப்படி மூச்சுத் திணற வைக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைச் சொல்ல வேண்டும். அங்கே வளர்ப்புக் குழந்தை உதவித்தொகை என்று ஒன்று உண்டு. சாதாரணக் குழந்தை உதவித்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதைப் பெற நீதிமன்ற ஆணை வேண்டும்; சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத வேண்டும்; ஆணையை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். துன்புறுத்தப்பட்டு மீட்கப்பட்ட குழந்தைகளுக்காக வகுத்த அந்த வழிக்குள், எய்ட்ஸ் காலத்தில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் லட்சக்கணக்கான பாட்டிகளும் திருப்பிவிடப்பட்டார்கள். சமூகப் பணியாளர்களால் தாங்க முடியவில்லை. ஆணைகள் காலாவதியாகிப் பணம் நிற்கும் நிலை வந்தது. உயர் நீதிமன்றம் 2011இல் தலையிட்டு ஆணைகளை மொத்தமாக நீட்டிக்க வேண்டியதாயிற்று. பாட்டிகளிடம் விண்ணப்பம் எழுதி நேரத்தைச் செலவழித்த அதே பணியாளர்களைத்தான், உண்மையிலேயே அடிபட்டுக்கொண்டிருந்த குழந்தை இன்னொரு வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் 2022இல், உறவினரோடு வாழும் பெற்றோரற்ற குழந்தைக்கு நீதிமன்றம் போகாமலேயே சாதாரண உதவித்தொகையில் பாதியளவு கூடுதலாகக் கொடுக்கும் முறை வந்தது. அன்றைய 480 ராண்டுடன் 240 சேர்ந்து 720 ராண்ட். இதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

கென்யாவின் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெரியது தொகையின் மதிப்பு. 1,500 ஷில்லிங் 2011-12 வாக்கில் 2,000 ஆனது. அதன் பிறகு விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்காகியும் தொகை அங்கேயே நின்றது. இன்றைய கணக்கில் அது சுமார் 1,300 ரூபாய். ஆய்வில் நல்ல பலன் காட்டியது, வீட்டுச் செலவில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த தொகை. இன்று அதே பெயரில் போய்க்கொண்டிருப்பது அதைவிடச் சிறிய ஒன்று. ‘கென்யாவில் பலன் நிரூபிக்கப்பட்டது’ என்று சொல்லும்போது எந்த ஆண்டின் தொகையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. விலைவாசியோடு தானாக உயராத உதவித்தொகை, ஒவ்வொரு ஆண்டும் அறிவிப்பு இல்லாமல் வெட்டப்படும் உதவித்தொகை.

அடுத்தது தாமதம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பது காகிதத்தில். நிதி வெளியாகாமல் நான்கு, ஆறு மாதங்கள் கழித்து மொத்தமாக வந்த காலங்கள் உண்டு. மொத்தம் ஒன்றுதானே, எப்போது வந்தால் என்ன என்று அலுவலகத்தில் இருப்பவருக்குத் தோன்றலாம். கடன் சொல்லி மளிகை வாங்கும் வீட்டைப் பாருங்கள். பணம் குறித்த நாளில் வரும் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் கடன் கொடுப்பார். பள்ளிக்கூடமும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாது. வருமா வராதா என்று தெரியாத பணத்தை நம்பி யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். பருவத் தொடக்கத்தில் வர வேண்டிய பணம் பருவம் முடிந்து வந்தால், அந்தப் பிள்ளையின் மூன்று மாதப் படிப்பை அது திருப்பித் தராது. பாட்டிக்கு நிபந்தனை போடுவதைவிட, குறித்த தேதியில் பணம் போடும்படி அரசுக்கு ஒரு நிபந்தனை போட்டால் குழந்தைக்கு நல்லது என்று சொல்வேன்.

இன்னொன்று, வீட்டுக்கு ஒரே தொகை. ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கும் ஐந்து குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் அதேதான். பணத்துக்காகக் குழந்தைகளைக் கூட்டிச் சேர்ப்பார்கள் என்ற பயத்துக்கு இது ஒரு தடை என்பது உண்மை. நிர்வாகத்துக்கும் எளிது. ஆனால் அதிகச் சுமை தாங்கும் பாட்டிக்கு ஆளுக்கு மிகக் குறைவாகக் கிடைக்கிறது. பெரிய குடும்பங்களைவிடச் சிறிய குடும்பங்களில் சில பலன்கள் தூக்கலாகத் தெரிந்ததற்கு இதுவே காரணம். பட்டியலில் புதிய வீடுகளைச் சேர்ப்பதும் தொடர்ந்து நடப்பதில்லை. கணக்கெடுப்பு வரும் ஆண்டில் குழந்தைக்குத் தாய் உயிரோடு இருந்து, மறு ஆண்டு இறந்தால் அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

உங்கள் கேள்வியில் இருக்கும் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சித்தப்பா வீட்டில் வேலைக்காரியாக நடத்தப்படும் குழந்தை உண்டு. சொத்துக்காகக் குழந்தையை வைத்துக்கொள்ளும் உறவினர் உண்டு. அடி, பட்டினி, அதைவிட மோசமானவை எல்லாம் உறவு வீடுகளிலும் நடக்கின்றன. இதற்கு விடை, எல்லா வீடுகளையும் சந்தேகித்து ரசீது கேட்பதில் இல்லை. ரசீதைக் கொடுமைக்காரரும் கொண்டுவந்து காட்டுவார். பயிற்சி பெற்ற ஒருவர் சில மாதங்களுக்கு ஒரு முறை வீட்டுக்குப் போய், குழந்தையோடு தனியாகப் பேசி, பள்ளி ஆசிரியரிடமும் விசாரிப்பதில் இருக்கிறது. அதற்கு ஆட்களை நியமிக்க வேண்டும். பணத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் இதற்கு மட்டும் கையை இழுத்துக்கொள்கின்றன, கென்யாவானாலும் நம் நாடானாலும்.

நம் ஊர் நிலவரம் கேட்பவர்களுக்காக: தமிழ்நாட்டில் இப்போது உறவினர் வளர்ப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் நிதி ஆதரவாகக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். 2022க்கு முன்பு இது 2,000 ஆக இருந்தது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. மாநில அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய். கென்யாவோடு ஒப்பிட்டால் தொகை பெரிது. வீட்டுக்கு ஒரே தொகை என்றில்லாமல் ஒரு குழந்தைக்கு இவ்வளவு என்று கொடுப்பதும் நல்லது. வருமான வரம்புதான் இடிக்கிறது. கிராமத்தில் 72,000 என்றால் மாதம் 6,000 ரூபாய். கட்டட வேலைக்குப் போகும் மாமா ஒருவர் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை பார்த்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். தன் பிள்ளைகளோடு தங்கையின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட அந்த வீட்டைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பும் வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இப்படிக் குழந்தையை வளர்ப்பவராக இருந்தால், போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம், அல்லது 1098 எண்ணில் அழைக்கலாம். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று, குழந்தையின் பெயரிலான வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் தடங்கல் வருவது இறப்புச் சான்றிதழில். தகப்பன் வெளியூரில் வேலை பார்த்த இடத்தில் இறந்திருப்பார், பதிவு அங்கே இருக்கும்; அல்லது வீட்டிலேயே இறந்து யாரும் பதிந்திருக்க மாட்டார்கள். ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்கு ஆணை பெற வேண்டியிருக்கும் என்பதால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். மற்ற காகிதங்கள் சில வாரத்தில் கிடைத்துவிடும். அலுவலகத்தில் ‘இது முடிந்த பிறகு வாருங்கள்’ என்றால், இருக்கிற காகிதங்களோடு மனுவை எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு முத்திரை வாங்கிவிட்டு வாருங்கள்.